பெரியப்பாவும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும்

என் பெரியப்பாவின் காபியிலிருந்து மூன்று வாரம் சர்க்கரையைத் திருடினேன். நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்தில் செய்கிற தப்பை யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

பெரியப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். ரிடையரானதும் அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷங்கள் மூன்று. காலையில் கள்ளிச்சொட்டாக ஒரு டிகிரி காபி, பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டி, பெரியம்மாவிடம் திட்டு. சர்க்கரை வியாதி கிடையாது. பிரஷர் கிடையாது. அறுபத்தெட்டாவது வயதில் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை.

"ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்" என்றாள் பெரியம்மா.

பயாப்ஸியில் பூச்சியின் பெயர் தெரிந்தது. லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வருகிற கான்சர்.

'பெட் ஸ்கேன்' எடுக்கச் சொன்னார்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். பிறகு ஒரு ஊசி. ஒரு மணி நேரம் அரையிருட்டு அறையில் அசையாமல் படுக்க வேண்டும். பேசக்கூடாது.

"ஏன் சார் பேசக்கூடாது?" என்று டெக்னீஷியனைக் கேட்டேன்.

"ஊசியில இருக்கறது குளுக்கோஸ் மாதிரி ஒரு சரக்கு சார். கதிரியக்கம் உள்ள ஃப்ளோரினை ஒட்டி வெச்சிருக்கு. எந்தத் தசை வேலை செய்யுதோ அது எடுத்துக்கும். பேசினா தொண்டை எடுத்துக்கும். எங்களுக்குப் படம் குழம்பிடும்."

வெளியே பெஞ்சில் பெரியம்மா ஆச்சரியப்பட்டாள். "ஒரு மணி நேரம் இவர் வாயைத் திறக்கலியா? இந்த ஊசியை மாசா மாசம் போடுவாளா, கேளேன்."

படம் வந்தது. மூளை பளிச். மூளை சர்க்கரை தின்பதில் மன்னன். மூத்திரப்பை பளிச். மிச்ச ஊசி மருந்து போகிற வழி. அப்புறம் கழுத்தில், அக்குளில், வயிற்றில், தீபாவளி சீரியல் செட் மாதிரி வரிசையாகப் புள்ளிகள். கான்சர் செல்கள் அந்தக் குளுக்கோஸை அள்ளி அள்ளி விழுங்கியிருந்தன. விழுங்கியதை முழுசாக எரிக்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் மாட்டிக்கொண்டு மின்னிக்கொண்டிருந்தன. 1976ல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவில் முதல் முதலாக மனிதருக்குப் போட்டுப் பார்த்த ஊசி இது. இன்று உலகம் முழுக்க இதே தந்திரம்தான்.

பெரியப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான். "தம்பி, எனக்கு மூளை இருக்குன்னு ப்ரூஃப் ஆயிடுச்சு. பெரியம்மாகிட்ட ஒரு காப்பி குடு."

முதல் கீமோ நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ஆபீஸ் லஞ்ச் டயத்தில் விஷயத்தைச் சொன்னேன். பில் செக்ஷன் நண்பர் தயிர்சாதத்தை நடுவில் நிறுத்தினார்.

"சிம்பிள் சார். கான்சர் எதைத் திங்குது? சர்க்கரையை. சர்க்கரையை நிறுத்து. பட்டினி கிடந்து சாவட்டும். டாக்டருங்க இதைச் சொல்ல மாட்டாங்க. சொன்னா கடையை மூடணும்." வாட்ஸப்பில் ஒரு வீடியோவும் அனுப்பினார். அதில் கோட்டு போட்ட ஒருவர் இதையே பத்து நிமிஷம் சொன்னார். கோட்டு போட்டிருந்ததால் நம்பினேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் அவசரச் சட்டம். சர்க்கரை கட். அரிசி கட். இட்லி, வாழைப்பழம், பால் எல்லாம் கட். காலையில் பால் இல்லாத, சர்க்கரை இல்லாத காபி. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரெண்டாவது கீமோவாடா?" என்றார். ஆனால் குடித்தார். நான் படித்தவன், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று குடித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கீமோவுக்குப் போனோம். எடை பார்த்தார்கள். ஐந்து கிலோ குறைந்திருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன சாப்பிடறார்?"

பெருமையாகச் சொன்னேன். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"அக்கவுண்ட்ஸ், சார்."

"அப்ப கணக்கே கேக்கறேன். வரவு நின்னு போச்சு, செலவு நிக்கலை. பணம் எங்கேர்ந்து வரும்?"

"சேமிப்புலேர்ந்து."

"உங்க பெரியப்பாவோட சேமிப்பு அவர் தொடைச்சதை. நோயும் கொஞ்சம் கரைச்சிருக்கு. மீதியை நீங்க கரைச்சிருக்கீங்க."

கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. கான்சர் செல் என்னதான் சாப்பிடுகிறது என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். டாக்டரையும் விடாமல் நச்சரித்தேன். அக்கவுண்டன்ட் மூளைக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

* * *

கதை 1920களில் பெர்லினில் ஆரம்பிக்கிறது. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எலியின் கட்டியிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, அவை என்ன சாப்பிடுகின்றன, என்ன கழிக்கின்றன என்று அளந்தார். நம் செல்கள் ஆக்ஸிஜன் இருந்தால் குளுக்கோஸை முழுசாக எரித்து, ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 'ஏடிபி' சம்பாதிக்கும். ஏடிபி என்பது செல்லின் சில்லறைக் காசு. ஓடுகிற பஸ்ஸைத் துரத்தும்போது மட்டும், ஆக்ஸிஜன் போதாமல், குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளும். அதில் லாபம் இரண்டே ஏடிபி.

கான்சர் செல்லோ ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதே அந்த இரண்டு ரூபாய் வியாபாரத்தைச் செய்தது. மூச்சு என்ஜின் பழுதானதால்தான் இப்படி, அதுதான் கான்சருக்கே காரணம் என்றார் வார்பர்க். மூச்சு என்சைம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1931ல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் சொன்னால் மறுப்பது யார்?

அளவு சரி, காரணம் தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. பெரும்பாலான கான்சர் செல்களில் என்ஜின் நன்றாகவே ஓடுகிறது. பின் ஏன் இந்த ஊதாரித்தனம்?

வீடு கட்டுகிறவனை யோசியுங்கள். லாரியில் மரம் வந்து இறங்குகிறது. எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தால் நன்றாகக் குளிர்காயலாம். ஆனால் கதவு, ஜன்னல், உத்தரம் எதில் செய்வது? ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் டிஎன்ஏ, புரதம், கொழுப்புச் சவ்வு எல்லாம் இன்னொரு செட் வேண்டும். அதற்கு கார்பன் வேண்டும். குளுக்கோஸ் கான்சர் செல்லுக்கு விறகு மட்டும் இல்லை, மரச்சாமானும் கூட.

சர்க்கரையோடு போகிற சமாச்சாரமும் இல்லை. 1955ல் ஹாரி ஈகிள் என்ற அமெரிக்கர் கண்ணாடிக் குடுவையில் செல்களை வளர்த்து, எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று பட்டியல் போட்டார். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை மற்ற அமினோ அமிலங்களைவிடப் பல மடங்கு கேட்டன. இது பருப்பில் உண்டு, பாலில் உண்டு, நம் தசையிலேயே மூட்டை மூட்டையாக உண்டு. சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்த நான் அவருடைய தசையை எங்கே ஒளித்து வைப்பேன்?

* * *

அடுத்த கேள்வி. சாமான் வந்ததா, வரவில்லையா என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

கல்யாண சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர் வந்ததும் அடுப்பு மூட்ட மாட்டார். அரிசி வந்ததா, பருப்பு வந்ததா, பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்பார். எல்லாம் சரி என்றால்தான் "ஏத்துடா அடுப்பை". செல்லுக்குள் இருக்கிற அந்தத் தலைமைச் சமையல்காரருக்கு 'எம்டார்' என்று பெயர்.

இவரைக் கண்டுபிடித்த கதை சினிமா எடுக்கலாம். 1964ல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடல் நடுவில் உள்ள ஈஸ்டர் தீவுக்குப் போய், கொஞ்சம் மண்ணும் அள்ளிக்கொண்டு வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா புதுவிதமான மருந்தைச் சுரந்தது. ஊர்க்காரர்கள் தீவுக்கு வைத்த பெயர் ராபா நுய். அதனால் மருந்துக்கு ராபமைசின். மான்ட்ரியாலில் அதைப் பிரித்தெடுத்த குழுவில் நம் துணைக்கண்டத்தில் பிறந்த சுரேன் சேகல் இருந்தார். 1980களின் தொடக்கத்தில் கம்பெனி அந்த லேபை மூடியது. மனிதருக்கு மனசு கேட்கவில்லை. பாக்டீரியாவை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் பக்கத்தில் 'சாப்பிடாதே' என்று லேபிள் ஒட்டி வைத்துக் காப்பாற்றினார். நம் வீட்டில் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்.

இந்த மருந்து செல்லில் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று தேடிப்போனதில் 1991ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஈஸ்ட்டிலும், 1994ல் பாலூட்டிகளின் செல்லிலும் சமையல்காரர் அகப்பட்டார்.

அவர் உட்காருகிற இடம் லைசோசோம். செல்லின் பழைய இரும்புக் கடை. பழசு, உடைசல் எல்லாம் அங்கேதான் வந்து உதிரி பாகமாகப் பிரியும். சாமான் இருப்பைப் பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது? அவருக்கு ஸ்டோர் கீப்பர்களும் உண்டு. லியூசின் என்ற அமினோ அமிலத்துக்கு செஸ்ட்ரின்-2, ஆர்ஜினினுக்கு காஸ்டார்-1. 2016 வாக்கில்தான் இவர்கள் வேலை தெளிவானது. சரக்கு இல்லாத வரையில் "இரு, இரு" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். சரக்கு வந்து இவர்கள் மேல் உட்கார்ந்ததும் கையை விடுவார்கள். வெளியிலிருந்து இன்சுலின் போன்றவை "பந்தி ரெடி" என்று குரல் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அடுப்பு.

பல கான்சர்களில் நடப்பது என்னவென்றால், அந்தக் குரல் கொடுக்கும் ஸ்பீக்கர் பழுதாகி 'பந்தி ரெடி, பந்தி ரெடி' என்று இருபத்து நாலு மணி நேரமும் அலறுகிறது. பந்தியில் ஆள் இல்லை. அடுப்பு மட்டும் எரிகிறது.

* * *

சரி, சரக்கு நிஜமாகவே தீர்ந்துபோனால்? இங்கேதான் என் பில் செக்ஷன் நண்பரின் லாஜிக் குப்புற விழுகிறது.

செல்லில் 'ஏஎம்பிகே' என்று இன்னொரு ஆள் உண்டு. சில்லறை குறைந்தால் மணி அடிக்கிற கேஷியர். மணி அடித்ததும் கட்டட வேலை நிற்கும், கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், செல் தன் உடைசல் பாகங்களைத் தானே தின்று சமாளிக்கும். தன்னைத் தானே தின்னும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல்.

இதெல்லாம் நல்ல செல்லுக்கும் உண்டு. கான்சர் செல் இன்னும் ஒரு படி மேலே போகும். கணையப் புற்றுநோய்ச் செல்கள் வெளியே மிதக்கும் புரதத்தை அப்படியே வளைத்து விழுங்கி உள்ளே உடைத்துச் சாப்பிடுகின்றன என்று 2013ல் காட்டினார்கள். ஒரு செல் கழித்த லாக்டிக் அமிலத்தைப் பக்கத்துச் செல் சாப்பிடுவதும் உண்டு. முன்கதவைப் பூட்டினால் கொல்லைப்புறம். அதையும் பூட்டினால் ஓட்டைப் பிரித்து இறங்கும்.

இது செல்லின் பக்கம். உடம்பின் பக்கம் இன்னும் முக்கியம். நீங்கள் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடத் தொடாவிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் வற்றிப்போகாது. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் என்று உடம்பு விடாப்பிடியாக வைத்திருக்கும். மூளைக்கு மட்டுமே நாளைக்குச் சுமார் 120 கிராம் வேண்டுமே! சாப்பாட்டில் வராவிட்டால் கல்லீரல் தயாரிக்கும். எதிலிருந்து? தசைப் புரதத்திலிருந்து. கான்சர் கழித்த லாக்டிக் அமிலத்தையும் கல்லீரல் பிடித்து மறுபடி குளுக்கோஸாக மாற்றும். கான்சர் இரண்டு ஏடிபி சம்பாதித்துவிட்டுத் தள்ளியதைத் திரும்பக் குளுக்கோஸாக்க கல்லீரலுக்குச் செலவு ஆறு ஏடிபி. சுத்த நஷ்ட வியாபாரம். நஷ்டம் முழுக்க பெரியப்பா கணக்கில்.

ஆக, நான் நடத்திய பட்டினிப் போராட்டத்தில் பட்டினி கிடந்தது பெரியப்பா. கான்சர் வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டது.

* * *

அப்படியானால் கான்சரைப் பட்டினி போடவே முடியாதா? முடியும். மருத்துவம் அதைச் செய்திருக்கிறது. அதில் நம்ம ஊர் சம்பந்தமும் இருக்கிறது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895ல் பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் கவுனில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். தராமல் எல்.எம்.எஸ். என்ற சின்னப் பட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள். 1923ல் அமெரிக்கா போனார். லெடர்லி கம்பெனியில் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது இவருடைய குழு.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைச் சத்து என்று கொடுத்தார். நோய் இன்னும் வேகம் பிடித்தது போலத் தெரிந்தது. நல்ல எண்ணத்தில் செய்த தப்பு. (எனக்கு இங்கே கொஞ்சம் ஆறுதல்.) ஆனால் அவர் அதோடு விடவில்லை. இந்தச் சத்து நோயை வளர்க்கிறதென்றால், இதே மாதிரி வேஷம் போட்ட போலிச் சத்தைக் கொடுத்தால்? சுப்பாராவ் குழு அந்தப் போலியைச் செய்து தந்தது. அமினோப்டெரின். 1948ல் ஃபார்பர் வெளியிட்ட கணக்கில் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகத் தேறியது. அது வரையில் மருந்தே இல்லாத வியாதி. அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது.

இன்னொன்று. 1953ல் ஜான் கிட் என்ற அமெரிக்க டாக்டர் கினிப்பன்றியின் சீரத்தை ஏற்றினால் எலிகளின் லிம்போமா கரைவதைப் பார்த்தார். சீரத்தில் இருந்த அஸ்பாரஜினேஸ் என்ற என்சைம்தான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. ரத்தத்தில் உள்ள அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தை அது உடைத்துவிடும். நல்ல செல்கள் அஸ்பாரஜினை வீட்டிலேயே செய்துகொள்ளும். ஒருவகை ரத்தப் புற்றுநோய்ச் செல்லுக்குச் சமைக்கத் தெரியாது, ஹோட்டல் சாப்பாடுதான். ஹோட்டலை மூடினால் அவ்வளவுதான். அந்த நோய் வந்த குழந்தைகளில், நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதில் இந்த மருந்துக்கும் பங்கு உண்டு.

இதிலும் சில செல்கள் பஞ்சத்தை மோப்பம் பிடித்து, அவசரமாகச் சமையல் கற்றுக்கொண்டு தப்பிக்கின்றன. அதனால்தான் ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எல்லாக் கதவையும் ஒரே சமயத்தில் பூட்ட.

வித்தியாசம் புரிகிறதல்லவா? பட்டினி போடுவது செல்லை, ஆளை அல்ல. எந்தக் கதவை என்று தெரிந்து பூட்டுவது.

சர்க்கரைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். உடம்பு பெருத்தால் பலவிதக் கான்சர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது நிஜம். நாம் ஆபீஸில் நாலு டீ, எட்டு பிஸ்கட் அடிப்பதைக் குறைப்பது நல்லதுதான். விரதம், கொழுப்புச் சாப்பாடு இவற்றை மருந்தோடு சேர்த்து ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். எல்லாம் டாக்டர் மேற்பார்வையில். வாட்ஸப் மேற்பார்வையில் அல்ல. உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ நடந்தால், தட்டிலிருந்து எதையாவது எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரைக் கேளுங்கள். என் மாதிரி ஐந்து கிலோ கழித்துக் கேட்காதீர்கள்.

* * *

டாக்டரிடம் கடைசியாகக் கேட்டேன். "அப்ப காபியில சர்க்கரை போடலாமா சார்?"

"தாராளமா போடுங்க. கூட ரெண்டு இட்லி, முட்டை, பருப்பு, தயிர். கீமோவோட ஸ்டீராய்டு குடுக்கறோம், சர்க்கரை ஏறுதான்னு நாங்க பார்த்துக்கறோம். ஏறினா நான் சொல்றேன். நீங்க சொல்லாதீங்க."

ஆறு கீமோவும் முடிந்தது. கடைசி ஸ்கேனில் மூளையும் மூத்திரப்பையும் மட்டும் மின்னின. சீரியல் செட் அணைந்திருந்தது. எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. ஐந்தில் மூன்று. இரண்டு கிலோ இன்னும் என் கணக்கில் பாக்கி.

மறுநாள் காலை நானே காபி போட்டேன். திக்காக டிக்காஷன், கறந்த பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பேப்பரை மடக்கி வைத்தார்.

"தம்பி, ஒரு குறுக்கெழுத்து. அஞ்செழுத்து. வீட்டுக்குள்ளயே திருடு போனது. என்ன?"

"சர்க்கரை" என்றேன்.

"கரெக்ட். திருடன்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் டம்ளரை நீட்டினார்.

"இன்னும் அரை ஸ்பூன் போடு. மன்னிச்சுடறேன்."